பிஸ்கட் நிறம்

அரத்தை இன்னொரு அரத்தால் உரசிப் பார்த்தேன்.
கண்ணாடியில் நகம் போல வழுக்கிற்று.
நல்லது. இன்னும் உயிர் இருக்கிறது.

எஞ்சின் பிரிக்கும் கொட்டகையில் கிடந்தது,
பல் மழுங்கிய தட்டை அரம், பத்து அங்குலம்.
"எதுக்குக்கா?" என்றான் பனிமயதாஸ்.
"திருக்கைக்கு."

தெற்குவாடிக் கம்பெனியில் வெட்டுக்கூலி கிலோவுக்கு நாலு ரூபாய்.
கத்திக்கு நாள் வாடகை பத்து.
அந்தக் கத்தி தகரத்துக்குத் தங்கச்சி,
மூணாவது திருக்கையில் முனை மடங்கும்.

அரத்தை அப்படியே தீட்டினால் ஆகாது.
இந்த இரும்புக்குக் கோபம் அதிகம்.
போன மாதம் ஒன்று கைதவறித் தரையில் விழுந்து
பீங்கான் தட்டு மாதிரி இரண்டாயிற்று.
கொஞ்சம் இளக்க வேண்டும். கொஞ்சம்தான்.
இருநூறு டிகிரியில் இரண்டு மணி நேரம்.
அத்தனை நிதானமான நெருப்பு
என் வீட்டு அடுப்பில் கிடையாது.

கலந்தர் பேக்கரியில் மூணு மணிக்கு பன் இறங்கும்,
அப்புறம் பிஸ்கட் ஏறும்.
உப்புத்தாள் போட்டு வெள்ளையாக்கிக் கொண்டுபோனேன்.
அவர் வாங்கி மோந்து பார்த்தார்.
"கிரீஸ் வாடை பிஸ்கட்ல ஏறுமே."
அவர் கடைக் குழாயிலேயே சோப்புப் போட்டுக் கழுவினேன்.
"என்ன நிறத்துல எடுக்க?"
வைக்கோல் நிறம் என்று சொல்ல வந்தேன்.
இந்தத் தீவில் வைக்கோலை யார் கண்டது?
"நெய் பிஸ்கட் ஓரம் சிவக்குமே, பாய்,
அதுக்குக் கொஞ்சம் முன்னால."
மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர்.

மறுநாள் சாணைச் சக்கரம்,
இடப்பக்கம் ஒரு வாளித் தண்ணீர்.
மூணு எண்ணுவதற்குள் எடு, முக்கு.
கையுறை போடவில்லை,
விரலுக்குச் சுட்டால் இரும்புக்கும் சுட்டிருக்கும்.

நீலத்தைப் பார்க்கத்தான்
பாலத்தில் வேனை நிறுத்தி இறங்குகிறார்கள்,
பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார்கள்.
எனக்கு இன்றைக்கு நீலம் ஆகாது.
ஏறின இடத்தில் கூர் நிற்காது.

ரயில் ஊதிற்று. தலையைத் திருப்பினேன்.
அவ்வளவுதான்.
நுனியில் நகக்கண் அளவு,
சூடை மீன் முதுகில் இருக்குமே, அந்த நீலம்.
அழகாகத்தான் இருந்தது.
காறித் துப்பிவிட்டு
அது போகும்வரை தேய்த்தேன், முக்கி முக்கி.
அரை அங்குலம் போயிற்று.

பிடிக்கு ஓட்டை போடப்போய்
இரண்டு டிரில் பிட் முனை கருகிச் செத்தன.
கடைசியில் வெட்டும் பக்கத்தை ஈரச் சாக்கில் சுற்றி,
வாலை மட்டும் வெல்டிங் கடையில் சிவக்கக் காய்ச்சி,
ராத்திரி முழுக்கச் சாம்பலில் புதைத்து வைத்தேன்.
காலையில் மூணாவது பிட் புகுந்தது.
தேங்காய்த் துருவலாய்ச் சுருண்டு வந்தது இரும்பு.
உடைந்த வத்தையின் பலகைத் துண்டு இரண்டு,
எரிந்த மோட்டாரின் செம்புக் கம்பி,
தட்டி முடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை முப்பத்தெட்டுத் திருக்கை.
நடுவில் ஒரு தடவைகூடத் தீட்டவில்லை.

சாயங்காலம் முத்துராக்கு
வாளியைக் கவிழ்த்துக் கம்பெனிக் கத்திகளை எண்ணினான்.
பன்னிரண்டும் இருந்தன.
இருந்தும் என் பேருக்கு நேரே
கை தன்பாட்டுக்குப் பத்து எழுதிற்று.
"அடி" என்றேன்.
"என்னது?"
"அந்தப் பத்தை அடி."

அப்போதுதான் என் கையைப் பார்த்தான்.
கத்தியின் ஒரு பக்கத்தில் அரத்தின் பல் இன்னும் மிச்சம்,
தேய்க்கத் தேய்க்கச் சலித்து விட்டுவிட்டது.
அதில் திருக்கைச் சளி ஏறியிருந்தது,
பழைய பிரஷ்ஷால் எடுத்துக்கொண்டிருந்தேன்.
கூர் பார்க்கப் பெருவிரலை நீட்டினான்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

விரலைச் சூப்பிக்கொண்டே அடித்தான், இரண்டு கோடு.

கலந்தர் பாய்க்கு அரைக் கிலோ கணவாய் பாக்கி.
சுத்தம் பண்ணித்தான் வேணுமாம்.